நான்காம் அத்தியாயம்: குசினிக்கு ஓர் உரிமம்

"என்ன தொழில் அக்கா?"

"வீட்டில மிளகாய்த்தூள் செய்து குடுக்கிறன் தம்பி."

பிரதேச சபையின் உப அலுவலகத்தில் நடக்கும் இந்த இரண்டு வரிப் பேச்சில்தான் பல விண்ணப்பங்கள் வழி தவறுகின்றன. தம்பி படிவத்தில் 'மிளகாய் அரைக்கும் ஆலை' என்று எழுதிக்கொள்கிறார். ஆலை என்றால் மோட்டார், மோட்டார் என்றால் சத்தமும் தூசியும். ஆகவே சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கேட்கப்படுகிறது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் கட்டட வரைபடம் கேட்கிறார். அக்கா செய்வதோ வேறு. செத்தல் மிளகாயையும் மல்லியையும் வீட்டில் வறுத்து, சந்தியில் உள்ள மில்லில் கொடுத்து அரைப்பித்து, கொண்டுவந்து பக்கற்றில் அடைக்கிறார். அவர் வீட்டில் மிக்சியைத் தவிர சுழலும் பொருள் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி இரண்டு மாதம் அலைந்தார். கடைசியில் அதே படிவத்தில் 'வறுத்த மிளகாய்த்தூள் பொதியிடல் (அரைப்பு வெளியே)' என்று திருத்தி எழுதிய பிறகுதான் காரியம் நகர்ந்தது.

ஆகவே இந்த அத்தியாயத்தின் முதல் வேலை வீட்டிலேயே நடக்கட்டும். ஒரு தாளை எடுத்து உங்கள் தொழிலை மூன்று வரியில் எழுதுங்கள். என்ன பொருள் உள்ளே வருகிறது, அதற்கு வீட்டில் என்ன நடக்கிறது, என்ன வெளியே போகிறது. நெருப்பு உண்டா, மோட்டார் உண்டா, கழிவு நீர் உண்டா, வெளியார் வீட்டுக்கு வந்து போவார்களா என்பதும் அதில் இருக்க வேண்டும். சபை உரிமம் கொடுப்பது உங்கள் கைத்திறனுக்கு அல்ல, அந்த வளவுக்குள் நடக்கும் வேலைக்கு. நீங்கள் எழுதும் பெயரைப் பார்த்துத்தான் எந்தச் சட்டப்பிரிவு, எந்த உத்தியோகத்தர், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் தீர்மானமாகும்.

இனி, எந்தக் கதவைத் தட்டுவது? பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றல்ல. பெயர்ப்பலகைகள் ஒன்றுபோல் இருப்பதால் வருடக்கணக்காக மக்கள் மாறிப்போய் நிற்கிறார்கள். சபை நீங்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் உள்ளூராட்சி மன்றம். அதற்குத் தவிசாளரும் உறுப்பினரும் உண்டு. 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்தது இந்தச் சபைகளுக்குத்தான். செயலகம் அரசாங்கத்தின் நிருவாக அலுவலகம். விதானையார், அதாவது கிராம அலுவலர், அதன் கீழ் வருபவர். வியாபாரப் பெயரைப் பதிவது செயலகத்தில், தொழில் நடத்த உரிமம் எடுப்பது சபையில்.

எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. நல்லூர் பிரதேச செயலாளர் பிரிவில் இருந்துகொண்டு யாழ்ப்பாணம் மாநகர சபைக்கு வரி கட்டுபவர்கள் இருக்கிறார்கள். கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் நல்லூர் பிரதேச சபைக்குரியது. யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் என்று பதினேழு மன்றங்கள் உள்ளன. யாரையும் கேட்டு அலைய வேண்டாம். வீட்டின் சோலைவரித் துண்டை எடுத்துப் பாருங்கள். அதில் எந்தச் சபையின் முத்திரை இருக்கிறதோ அதுதான் உங்கள் சபை. வரி நிலுவை இருந்தால் உரிமத்துக்குப் போகுமுன் கட்டிவிடுங்கள். விண்ணப்பத்தை வாங்குபவர் முதலில் புரட்டிப் பார்ப்பது வரி ஏடாகத்தான் இருக்கும்.

கட்டணத்தைப் பற்றிப் பயப்படுபவர்கள் அதிகம். உண்மையில் இந்தக் காரியத்தில் மிகச் சிறிய விடயம் அதுதான். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் மூன்று வழிகளில் பணம் கேட்கிறது. 149 ஆம் பிரிவு, துணைவிதிகளால் கட்டுப்படுத்தப்படும் தொழில்களுக்கான உரிமக் கட்டணம்: பேக்கரி, சாப்பாட்டுக் கடை, சிகை அலங்கார நிலையம், சலவை நிலையம் போன்றவை. அயலுக்கு இடைஞ்சலோ ஆபத்தோ தரக்கூடியவை என்று துணைவிதி பட்டியலிட்ட தொழில்களும் இதற்குள் வரும். 150 ஆம் பிரிவு சில கைத்தொழில்களுக்கான வரி. 152 ஆம் பிரிவு, இவை இரண்டிலும் அடங்காத வியாபாரங்களுக்கான வரி.

149 இல் கட்டணம் உங்கள் வருமானத்தைப் பார்ப்பதில்லை, கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியைப் பார்க்கிறது. அந்தப் பெறுமதி 750 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அதிகபட்சம் 500 ரூபாய், 1,500 வரை 750 ரூபாய், அதற்கு மேல் 1,000 ரூபாய். 152 இல் முந்திய ஆண்டின் வரவைப் பார்க்கிறார்கள். 6,000 ரூபாய்க்குள் என்றால் ஒன்றுமில்லை. 150,000 ரூபாயைத் தாண்டினால் 3,000 ரூபாய், அதுவே உச்சம். நகர, மாநகர சபைகளின் சட்டங்கள் வேறு, அங்கே தொகை கூடும். ஒவ்வொரு சபையும் அடுத்த ஆண்டுக்கான தொகையைத் தீர்மானமாக நிறைவேற்றி வர்த்தமானியில் வெளியிடுவதால், கவுண்டரில் கேட்கும் தொகையில் சந்தேகம் இருந்தால் அந்த அறிவித்தலைக் காட்டச் சொல்லலாம். பஸ்ஸுக்கும் போட்டோக் கொப்பிக்கும் நீங்கள் செலவழிக்கப்போவது பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

எந்தத் தொழில் எந்தப் பிரிவுக்குள் விழும்? தையல் பெரும்பாலும் கைத்தொழில் வரியோடு முடிந்துவிடும், சுகாதாரப் பரிசோதகரின் நிழல்கூட வராது. வீட்டு விறாந்தையில் ரியூசன் வைப்பவருக்கு 152 போதும். ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்கு ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நிற்கும் சைக்கிள்கள்தான் அவருடைய உண்மையான பிரச்சினை. மணப்பெண் அலங்காரம் செய்பவர் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்வந்தால் ஒன்று, தன் முன்னறையில் கதிரை போட்டுத் தலைமயிர் வெட்டினால் வேறொன்று. இரண்டாவது 149. கோழி வளர்ப்பும் அரைக்கும் மில்லும் எண்ணிக்கையையும் கொள்ளளவையும் பொறுத்துச் சுற்றாடல் உரிமத்துக்குள் போகும். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வரும் உரிமம் அது. சிறு தொழில்களுக்கு அதை வழங்கும் அதிகாரத்தை மத்திய சுற்றாடல் அதிகாரசபை உள்ளூராட்சி மன்றங்களுக்கே கொடுத்திருக்கிறது. ஆகவே மில் போடுபவரும் முதலில் போகவேண்டியது சபைக்குத்தான்.

சாப்பாட்டுச் சாமான் என்றால் தனிக் கதை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இடியப்பம், மோர் மிளகாய், ஒடியல் மா, பருத்தித்துறை வடை, எதுவாக இருந்தாலும் உங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு பி.எச்.ஐ. வருவார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சபையின் ஆள் அல்ல, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தவர். அவருடைய சிபாரிசு இல்லாமல் சபை உணவுத் தொழிலுக்கு உரிமம் கொடுக்காது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் அவர் கையில் இருக்கிறது. மாதிரி எடுக்கவும், கெட்டதை அழிக்கவும், வழக்குப் போடவும் அவரால் முடியும். அவரைக் கண்டு ஒளிப்பதைவிட, விண்ணப்பம் கொடுக்கும் முன்பே பணிமனைக்குப் போய், "சேர், நான் இன்னது செய்யப்போறன், வீட்டை ஒருக்கா வந்து பார்த்து என்ன மாத்த வேணுமெண்டு சொல்லுங்கோ" என்று கேட்பதே நல்லது. கேட்டவர் வீட்டில் அவர் ஆலோசகராக நடப்பார். முறைப்பாடு வந்த வீட்டுக்குப் போகும்போது அவர் வேறு ஆள்.

யாழ்ப்பாணத்தில் அவர் குசினிக்கு முன் பார்ப்பது கிணற்றை. காரணம் உண்டு. குடாநாட்டுக்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மழை நீர் சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளுக்குள் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. அந்தக் கல் வடிகட்டாது, மேலே ஊற்றியது கீழே போய்விடும். தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியும் அதே நீரோடுதான் கலக்கின்றன. சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் கிணறுகளுக்குள் வந்த விவகாரத்தை இன்னும் யாரும் மறக்கவில்லை. ஆகவே கிணறு கட்டப்பட்டிருக்கிறதா, மூடி இருக்கிறதா, மலசலகூடத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம், மாட்டுக் கொட்டில் எங்கே என்று அளந்து பார்ப்பார். நீரின் மாதிரி சோதனைக்குப் போகும். கிணறு தேறாது என்று முன்கூட்டியே தெரிந்தால், குழாய் நீரை எடுங்கள், அல்லது தண்ணீர் அதிகம் தேவைப்படாத பொருளுக்கு மாறுங்கள். மிளகாய்த்தூளுக்கு வேண்டிய தண்ணீரும் இடியப்பத்துக்கு வேண்டிய தண்ணீரும் ஒன்றல்ல.

அடுத்தது குசினி. உரிமம் கேட்பதற்காகத் தனிக் கட்டடம் கட்டத் தேவையில்லை. இதைச் சொல்லிக் கடன் வாங்க வைப்பவர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள். சுவர் கழுவக்கூடியதாக, தரை வெடிப்பில்லாமல், புகை போக வழியோடு, யன்னலுக்கு வலையோடு, கழுவிய நீர் முற்றத்தில் தேங்காமல் போக ஒரு குழியோடு இருந்தால் பழைய வீட்டுக் குசினியே போதும். ஆனால் வீட்டுச் சமையலும் விற்பனைச் சமையலும் ஒரே மேசையில் கலக்கக் கூடாது. மூட்டைகள் நிலத்தில் கிடக்காமல் ஒரு பலகை மேல் இருக்க வேண்டும். எல்லோரும் தவறும் இடம் முற்றம். மிளகாயைச் சாக்கில் பரப்பிக் காயவிட்டிருப்போம், அதன் மேல் கோழி நடந்துகொண்டிருக்கும். பி.எச்.ஐ. வரும் நாளில் மட்டும் கோழியை அடைத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அவர் சொல்லாமலும் வருவார். காய வைக்க ஒரு உயர்ந்த தட்டும் மேலே வலையும் போடுங்கள். இரண்டு கம்பும் பழைய நுளம்பு வலையும் போதும்.

வேலை செய்பவர் எல்லோருக்கும் மருத்துவச் சான்றிதழ் கேட்கப்படும், நெருப்புக் காய்ச்சலுக்கான தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். உதவிக்கு வரும் மச்சாளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதியில் பொருளின் பெயர், நிறை, சேர்க்கப்பட்டவை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, உங்கள் முகவரி, விலை எல்லாம் இருக்க வேண்டும். ஆனால் உரிமம் கைக்கு வருமுன் ஆயிரக்கணக்கில் லேபல் அச்சடித்து வைக்காதீர்கள். முகவரியிலோ பெயரிலோ ஒரு திருத்தம் வந்தால் அவ்வளவும் அடுப்புக்குத்தான்.

அயலவரைப் பற்றி எந்தப் படிவமும் உங்களுக்குச் சொல்லித்தராது. மிளகாய் வறுத்தால் நாலு வளவுக்கும் தும்மல் போகும். சபைகள் இடைஞ்சல் தரக்கூடிய தொழில்களுக்கு அயலவரின் சம்மதக் கடிதம் கேட்பது உண்டு. கேட்காவிட்டாலும், முறைப்பாடு போனால் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின் கீழ் நீதவான் பொதுத்தொல்லை என்று கட்டளை இடலாம், உங்கள் கையில் சபையின் உரிமம் இருந்தாலும். ஆகவே கடிதத்தை நீட்டுவதற்கு முன் ஆளைப் போய்ப் பாருங்கள். எந்த நாளில் வறுப்பீர்கள், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் இழுப்பு நோயாளி இருந்தால், வறுக்கும் வேலையையும் மில்லோடு சேர்த்து வெளியே கொடுத்துவிடுவதே மேல். மதில் விவகாரம், எல்லைக் கல் விவகாரம் என்று பழைய பகை இருக்கும் அயலவரிடம் கையெழுத்து வாங்க முடியாது. அங்கே வேலையின் அளவு, நேரம், புகைபோக்கி வைத்த விபரம் எல்லாம் எழுதி, கையெழுத்து மறுக்கப்பட்டதையும் எழுதிச் சபைக்குக் கொடுங்கள். சபை தன் கண்ணால் வந்து பார்க்கட்டும்.

வீடு யாருடையது என்ற கேள்வி எங்கள் ஊரில் சிக்கலும் சுலபமும் கலந்தது. சீதன உறுதி மனைவியின் பெயரில் இருக்கும் வீடுகளில் தொழில் செய்யப்போகிறவர் அவரே என்றால் உறுதிப் பிரதியோடு காரியம் முடியும். விண்ணப்பத்தைக் கணவரின் பெயரில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வேலை செய்பவரின் பெயரில் போடுங்கள், நாளைக்கு வங்கிக் கடனுக்குப் போகும்போது உதவும். வீட்டுக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருந்து நீங்கள் வாடகைக்கோ காவலுக்கோ இருப்பவர் என்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வாட்ஸ்அப்பில் "ஓம் செய்யுங்கோ" என்று வந்தது சம்மதமாகாது. இங்கே அற்றோணித் தத்துவம் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அவர் கையெழுத்திடலாம். உரிமம் அந்த முகவரிக்குரியது என்பதால், வீடு மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை சுருக்கமாக: அடையாள அட்டை, உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், சோலைவரித் துண்டு, விதானையாரின் சான்று, வியாபாரப் பெயர்ப் பதிவு இருந்தால் அதன் பிரதி, மேலே சொன்ன மூன்று வரித் தாள். சொந்த முழுப் பெயரிலேயே தொழிலை நடத்தினால் வியாபாரப் பெயர்ப் பதிவு கட்டாயமில்லை. 'அன்னை', 'தாயகம்' என்று ஏதாவது பெயர் வைத்தால்தான் வேண்டும். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கீழ் வரும் பிரதேசத்தில், வீட்டின் ஒரு பகுதியைக் கடையாக உடைத்துத் திறப்பது கட்டடப் பயன்பாட்டு மாற்றம், அதற்கு வேறு அனுமதி. உள்ளே இருந்து வேலை செய்துவிட்டு வெளியே கொண்டுபோய் விற்பவருக்கு இந்தத் தலையிடி பொதுவாக வராது. றோட்டுப் பக்கச் சுவரை இடித்து யன்னல் வைக்க ஆசைப்படுபவர் யோசிக்கட்டும்.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். வீட்டுப் பாவனைக் கணக்கில் மோட்டார் ஓட்டினால் மின் கட்டண வகை மாற்றப்படும். மாதக் கணக்கு ஏறிய பிறகு விளக்கம் சொல்வதைவிட முன்பே கேட்பது நல்லது.

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இருந்து யாழ்ப்பாணச் சாப்பாடு செய்து கொடுப்பவர்கள் நிறைய. மாநகர சபைக்கு முன் உங்களைத் தடுக்கக்கூடியது கட்டடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம், அதாவது வீட்டுச் சொந்தக்காரர் எல்லோரும் சேர்ந்த அமைப்பு. லிப்டில் கருவாட்டு மணம் ஏறிய அன்றே கூட்டம் கூடும். அவர்களின் எழுத்துச் சம்மதத்தை முதலில் எடுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம், அது உங்கள் உரிமை.

காலத்தையும் பாருங்கள். உரிமம் எப்போது எடுத்தாலும் டிசம்பர் 31 உடன் முடியும். நவம்பர் நடுவில் பணம் கட்டியவருக்கு ஆறு கிழமைதான். ஆகவே கார்த்திகை மார்கழியில் பரிசோதனை, நீர்ச் சோதனை, மருத்துவச் சான்று எல்லாவற்றையும் முடித்துவைத்து, தை மாதம் முதல் கிழமையில் கட்டணத்தைக் கட்டி, உரிமம் கைக்கு வந்த பிறகு விற்பனையைத் தொடங்குவது புத்தி. தைப்பொங்கல் விற்பனைக்கும் அது சரியாக வரும்.

மறுத்துவிட்டால்? வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். எந்தத் துணைவிதி, என்ன குறை என்று எழுத்தில் கேளுங்கள். பாதி மறுப்புகள் எழுதும்போதே கரைந்துவிடும். பதிலே வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் விண்ணப்பம் இப்போது யாரிடம், என்ன நிலையில் என்று கேட்டு ஒரு விண்ணப்பம் போடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தீர்மானிக்க வேண்டும். கோப்பு மேசையில் இருந்து எழும்பப் பெரும்பாலும் இதுவே போதும். மேலே போக உள்ளூராட்சி உதவி ஆணையாளர் இருக்கிறார். யாராவது 'தேத்தண்ணிக்கு' என்று கேட்டால் 1954 என்ற இலக்கம் இலஞ்ச ஆணைக்குழுவுடையது. கேட்டவரிடம் அந்த எண்ணை மெதுவாகச் சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு.

கட்டணம் கட்டியவுடன் தரும் பற்றுச்சீட்டு உரிமம் அல்ல. உரிமம் பின்னர் வரும், இரண்டையும் வைத்திருங்கள். உரிமத்தைப் பார்வைக்குத் தெரியும்படி மாட்டச் சொல்வார்கள். குசினியில் மாட்டினால் புகையும் எண்ணெயும் பட்டு மூன்று மாதத்தில் முத்திரை மங்கிவிடும், அடுத்த தை மாதம் புதுப்பிக்கப் போகும்போது எழுத்தே தெரியாது. விறாந்தையில் மாட்டுங்கள். மாட்டுமுன் இரண்டு பிரதி எடுத்து உறுதியோடு அலுமாரியில் வையுங்கள்.